அவர் விட்ட சோறு

பாடாங் செராய் கிளினிக்கில் எண்ணுக்காகக் காத்திருந்தேன். முன் நாற்காலியில் இருந்தவள், முட்டிவலிக்கு வந்திருந்த பக்கத்து அம்மாளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் சோத்த விட்டாரு, எனக்கு இனிப்புநீர் வந்துருச்சுக்கா.”

“அவரு விட்டதுக்கு ஒனக்கு எப்படிலா வரும்?”

“மொதல்ல அவருக்குத்தான் வந்துச்சு. இப்ப மீனும் கீரையும் மட்டுந்தான் திங்கிறாரு. ஆனா பானையில அரிசியக் கொறைச்சா குடும்பத்துக்கு ஆவாதாம், பழையபடிதான் வடிக்கணுமாம். சோத்தக் கொட்டவும் கூடாதாம். அப்ப அவரு பங்க யாரு சாப்புடுறது?”

“அவருக்குச் சக்கர கொறைஞ்சிருச்சா?”

“நல்லாக் கொறைஞ்சிருச்சு. கோயில்ல, கல்யாணத்துல, போற எடமெல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு. எனக்குத்தான் நாக்க அடக்கத் தெரியலையாம்.”

“நீயும் சோத்த விட்டுரு.”

“விட்டுட்டேன்கா, இன்னையிலேருந்து.”

தாதி அவளுடைய எண்ணை அழைத்தாள். எழுந்தவள் பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து அந்த அம்மாளின் மடியில் வைத்தாள்.

“நேத்து மீந்த சோத்துல கிளறுன புளிச்சோறுக்கா. ஒங்களுக்கு இன்னும் இனிப்புநீர் இல்லதானே?”