மஞ்சள் பூசிய கம்பி

கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள் சார். கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று எனக்கு வலது காது மந்தமாகிவிட்டது. என் தங்கை எப்போதும் இடது பக்கமாக வந்துதான் பேசுவாள். வந்து என்றால், சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து.

தொழில் என்ன என்று கேட்டீர்கள். காற்றோடு தூளைக் கலந்து வேகமாகப் பீய்ச்சி, இரும்பின் மேலிருக்கும் துருவையும் பழைய பெயின்டையும் உரித்தெடுக்கிற வேலை. பிளாஸ்டிங் என்பார்கள். கடை கிடையாது. ஒரு சின்ன லாரியில் கம்ப்ரஸர், தொட்டி, குழாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, பழைய கார், படகு, எதுவானாலும் சரி. ஒரு காலத்தில் மணலை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நெஞ்சுக்குள் போய் ஆளையே தின்றுவிடும் என்று நிறுத்திவிட்டார்கள். நான் மணலைத் தொட்டதே இல்லை. மெல்லிய சாமானுக்குக் கண்ணாடித் தூள், முரட்டு இரும்புக்குக் கல் தூள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்தால் எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் குழாயைத் திறப்பேன். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

முன்பு ஒரு பெரிய பட்டறையில் இருந்தேன். தங்கை படிப்பை முடிக்கிற சமயத்தில் அவள் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியும் போனது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் போனது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அந்த வரைக்கும் கொடுத்து வைத்தவர்கள். காலையில் அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போனால் மதியம் யாராவது வந்து தூக்க வேண்டும். பட்டறையில் மதியம் வீட்டுக்கு விடமாட்டார்கள். அதனால் அதை விட்டுவிட்டு இந்த லாரியை வாங்கினேன். எந்தத் திசையில் வேலை இருந்தாலும் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். என் தொழிலுக்குச் சக்கரம் வைத்ததே அவளுக்காகத்தான்.

நான் மதியம் வருகிற லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜன்னல் திரையை விலக்குவாள். தூக்கும்போது அவள் கை என் கழுத்தைச் சுற்றும். தலைமுடியெல்லாம் தூளோடு வந்து நிற்பேன். "அண்ணா, நீ மனுஷனா, உப்புத்தாளா?" என்பாள். வாயாடி. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

போன் எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது கூப்பிட்டுத் தங்கள் கேட் துருப்பிடித்திருப்பதாகச் சொன்னால், "கேட் மேல துரு இருக்கா சார், இல்ல துருவே கேட் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கா?" என்று கேட்பாள். எதிர்முனையில் இருப்பவர் சிரித்துவிட்டால் வேலை எங்களுக்குத்தான். எந்த இரும்புக்கு எந்தத் தூள், எவ்வளவு தள்ளி நின்று அடிக்க வேண்டும், எதை அடித்தால் தகடு நெளிந்துவிடும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குழாயை ஒருநாளும் பிடித்ததில்லை, ஆனால் என்னைவிட நன்றாக விளக்குவாள்.

நான் கல்யாணமும் செய்துகொண்டேன். வந்தவள் நல்ல பெண். கொஞ்ச காலம் பார்த்தாள். பிறகு ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, "உங்க வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு. அந்த ரெண்டுல நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் தடுக்கவில்லை. தங்கைதான் அன்று முழுவதும் அழுதாள்.

கார் வேண்டும் என்று கேட்டதும் தங்கைதான். கையாலேயே ஓட்டுகிற மாதிரி காரை மாற்றலாம், சட்டப்படியே செய்யலாம் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். ஒரு பழைய சின்னக் கார் கிடைத்தது. கியர் போடத் தேவையில்லாத கார். அதன் அடிப்பாகத்தில் இருந்த துரு முழுவதையும் நானே எடுத்தேன். மெக்கானிக் நண்பர் ஒருவர் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பிடியைப் பொருத்தினார். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். அந்தப் பிடியிலிருந்து பிரேக் மிதி வரைக்கும் ஒரு கம்பி போகும். உள்ளே கூடான, மெல்லிய குழாய் மாதிரியான கம்பி.

முதலில் அனுமதி வாங்கினோம், அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டோம். வாகன அதிகாரி வந்து, தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். சட்டென்று நிறுத்திப் பார்த்தார், சரிவில் நிறுத்திப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சு கொண்டு வர்றதில்ல" என்றார். அந்த அதிகாரியைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அவர் பார்த்தபோது கம்பி கம்பியாகத்தான் இருந்தது.

முதல் தடவை அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியபோது நான் அழுதேன். அதுவும் உண்மைதான். இப்போது சொல்லப்போவதை வைத்து, அது பொய்யழுகை என்று நினைத்துவிடாதீர்கள். "ஏன்ணா அழற? இனிமே உன்ன நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அவசரமே கிடையாது. வளைவில் டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பாது.

முதலில் கடைக்குப் போனாள். பிறகு தோழி வீட்டுக்கு. பிறகு வேலை கிடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற போன்களை எடுத்துப் பேசுகிற வேலை. பதறுகிறவர்களைப் பேசியே நிதானத்துக்குக் கொண்டுவருவாளாம். அவள் வாய்க்கு ஏற்ற வேலைதான். போகிற முதல் நாள் என்னிடம், "மதியம் நீ வர வேணாம்ணா. அங்கயே எல்லா வசதியும் இருக்கு. நானே ஏறி இறங்கப் பழகிட்டேன்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை.

ஆனாலும் நான் மதியம் வந்துகொண்டிருந்தேன். லாரியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, கட்டில் ஓரத்தில் உட்காருவேன். தட்டில் போட்டுச் சாப்பிடுவேன். கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் சுமையை இறக்கி வைத்ததும் தள்ளாடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி.

பிறகு அவள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள். சாய்தளம் இருக்கிறது, குளியலறைக் கதவு அகலம், எல்லாம் வசதி. என் இடது பக்கமாக வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் போனா நீ அண்ணியப் போய்க் கூப்பிடலாம்ணா. இன்னும் அவங்க தனியாத்தான் இருக்காங்க. விசாரிச்சிட்டேன்."

"எனக்கு யாரும் வேணாம்."

"எனக்கும் ஒண்ணும் வேணாம்னுதான் நானும் சொல்லிட்டு இருந்தேன். கார் வந்ததும்தான தெரிஞ்சுது என்னென்ன வேணும்னு." சிரித்தாள். "உன் முதுகுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுண்ணா."

என் முதுகு வலிக்கிறது என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

வீடு மாறுவதற்கு முன் அவளே கேட்டாள். கார்ப் பிடியும் கம்பியும் பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருக்கிறது, பளபளவென்று ஆக்கிக் கொடு என்று. மஞ்சள் நிறம் வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் வைத்து, வெளிச்சத்தில்தான் செய்தேன். அவள் உள்ளே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பியைக் கழற்றினேன். அந்த மாதிரி மெல்லிய கம்பிக்குக் கண்ணாடித் தூள் போதும். நான் தொட்டியில் கல் தூளைக் கொட்டினேன். வேலை தெரிந்தவன் குழாய் முனையை ஓரிடத்தில் நிறுத்த மாட்டான், வெள்ளையடிப்பது மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பான். நான் ஓரிடத்தில் நிறுத்தினேன். நடுவில், கீழ்ப்பக்கமாக. விரலால் தடவிப் பார்த்தேன். மறுபடி நிறுத்தினேன். இரும்பு காகிதமாகும்போது சத்தம் மாறும். மந்தக் காதுக்கும் அது கேட்டது. பிறகு அடிப்பூச்சு கொடுத்து, காயவிட்டு, மஞ்சள் அடித்து, பொருத்திவிட்டேன். அவள் வந்து பார்த்து, "அழகா இருக்குண்ணா" என்றாள். அழகாகத்தான் இருந்தது.

நீங்கள் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிற வார்த்தை எனக்குப் பொருந்தாது சார். அவளைக் கொல்ல நான் நினைக்கவே இல்லை. காரை எடுத்ததும் எங்கள் வாசலிலேயே, எதிர்ச்சுவருக்கு முன்னால், பிடியைத் தள்ளி ஒரு தடவை பிரேக் போடுவாள். அங்கே கம்பி மடங்க வேண்டும், லேசாக ஒரு இடி, ஒரு பயம், "வேணாம்ணா, நான் எங்கயும் போகல" என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. அந்தச் சுவர் ஓரமாகத் தூள் மூட்டைகளை அடுக்கி வைத்தேன், அடிபடாமல் இருக்க. போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கும். கொல்ல நினைக்கிறவன் மூட்டை அடுக்குவானா?

கம்பி வாசலில் மடங்கவில்லை. மறுநாளும் மடங்கவில்லை. தினமும் காலையில் வாசலில் நின்று பார்த்தேன். பிரேக் பிடித்தது, வண்டி நின்றது, கையசைத்துவிட்டுப் போனாள். கழற்றி மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பத்திரமாக வந்து சேர்ந்தாள், அதனால் மாற்றத் தோன்றவில்லை. ஆனால் கிளம்பும்போதெல்லாம் "பாத்துப் போம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாலத்திலிருந்து இறங்குகிற சரிவில், சிக்னலில் ஜனங்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தபோது அவள் முழுப் பலத்தோடு பிடியைத் தள்ளியிருக்கிறாள். கம்பி அப்போது மடங்கியது. ஒரு கையால் ஹாரனை விடாமல் அழுத்தி, இன்னொரு கையால் வண்டியைத் திருப்பி, ஆள் இல்லாத பக்கம் பார்த்து தூணில் கொண்டுபோய் மோதியிருக்கிறாள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குத்தான் கழுத்தில் அடி. இப்போது கையிலும் உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே இருந்தேன். புரட்டிப் படுக்க வைப்பது, முகம் துடைப்பது, தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பது, எல்லாம் நானே. நர்ஸ்கூட, "இப்படி ஒரு அண்ணன் கிடைக்கணுமே" என்றார். மனசுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கைக்கு வேலை வந்துவிட்டது. தொண்டையிலிருந்து குழாயை எடுத்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் குரல் வந்தது. நான் குனிந்து இடது காதைக் கொடுத்தேன்.

"அண்ணா, கம்பிக்கு எந்தத் தூள் போட்ட?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "கல் தூள்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கப் போனேன். தலையை மட்டும்தான் அவளால் அசைக்க முடியும். அதைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து, நான் இனி உள்ளே வரக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

நேற்று உங்கள் ஆட்கள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். கம்பியில் ஒரு பழுதும் இல்லை, தான்தான் தடுமாறிப் பிடியை இழுத்துவிட்டதாக அவள் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாளாம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அவள் தடுமாறுகிறவள் இல்லை சார். அவ்வளவு நன்றாக ஓட்டுவாள். ஓட்டத் தெரியாதவள் என்று ஊர் பேசக் கூடாது என்பதற்காகத்தான் நானே நடந்து இங்கே வந்தேன். கம்பியைத் தேய்த்தது நான். தெரிந்தே, கணக்குப் பார்த்துத்தான் தேய்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் அலுவலகத்தார் ஒரு நாற்காலி ஏற்பாடு செய்கிறார்களாம். மோவாயால் ஒரு குச்சியை அசைத்தால் தானாகப் போகிற நாற்காலி. அதை வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வருவேன் என்று அவள் சொன்னாளாம். சொல்வாள், அவள் அப்படித்தான். அந்த மாதிரிச் சாமானெல்லாம் இரும்புதான், சீக்கிரம் துருப்பிடிக்கும். யாரிடமாவது கொடுத்துக் கெடுத்துவிடப் போகிறார்கள். எப்போதாவது அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள் சார். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும்.