மூடும்போது தானாக ஓடிய கட்டளை

இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்திருப்பவள் நான். வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக அலுவலக வேலை பார்க்கிறேன். இறந்துபோன மெக்கானிக் என் உடன்பிறந்த தம்பி, வயது முப்பத்தைந்து. ஆள் உயரம் என்பதால் எல்லோரும் அவனை ஏணி என்றே கூப்பிடுவார்கள். லிஃப்ட் கம்பெனிக்கு ஏணி எதற்கு என்று யாராவது கேலி செய்தால் முதலில் சிரிப்பவன் அவன்தான். என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் பொறுப்பில் அறுபத்து நான்கு லிஃப்ட்கள் இருக்கின்றன. எந்த லிஃப்டுக்கு எந்தத் தேதியில் என்ன சோதனை என்பதெல்லாம் என் கணினியில் ஒரே எக்செல் ஃபைலில் உள்ளது. வேலை முடிந்ததும் அந்த வரிசையில் நான் டிக் போடுவேன். இரண்டு வருடம் முன்பு மேனேஜர் கேட்டதன் பேரில் அதில் ஒரு மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்றால், ஃபைலைத் திறந்ததும் யாரும் சொல்லாமலே ஓடும்படி எழுதி வைக்கும் கட்டளை. தேதி தாண்டியும் டிக் விழாத வரிசைகளை அது சிவப்பாக்கி மேலே கொண்டுவரும், எவ்வளவு பழையதோ அவ்வளவு மேலே.

அதன் பிறகு மெக்கானிக்குகள் மூவரில் இருவர் வேலையை விட்டுப் போனார்கள், புதிதாக யாரையும் எடுக்கவில்லை. குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி அறுபத்து நான்கும் தம்பி தலையில் விழுந்தன. தினமும் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிவப்பு வரிசைகளை உரக்கப் படிப்பார், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு, தம்பி தலை குனிந்து நிற்பான். அக்கா முன்னால் திட்டுகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவன், "அக்கா, அந்தச் சிவப்பு மட்டும் இல்லேன்னா ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிடுவேன்" என்றான்.

அன்று மாலையே இரண்டாவது மேக்ரோவை எழுதினேன். இது ஃபைலை மூடும்போது ஓடும். அன்றைக்குள் முடிந்திருக்க வேண்டியும் டிக் விழாத எல்லா வரிசைகளின் தேதியையும் மறுநாளாக மாற்றிச் சேமித்துவிடும். காலையில் திறந்தால் எதுவும் தேதி தாண்டியிருக்காது, எதுவும் சிவப்பாகாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம், மேனேஜரிடம் பேசிச் சரிசெய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். "பரவால்லக்கா, அவருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு" என்றான். அன்றிலிருந்து தினமும் அவருக்குச் சிரித்த முகமாக வணக்கம் வைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். சிவப்பு போனதே தவிர வேலை குறையவில்லை. நேற்று வந்த வேலையும் நாற்பது நாள் காத்திருந்த வேலையும் ஒரே தேதியில் ஒரே நிறத்தில் நின்றன. மேலிருந்து பத்து வரிசைகளை மட்டும் அச்செடுத்துத் தம்பியிடம் கொடுப்பேன். எட்டு மாடிக் கட்டடத்தின் பிரேக் சோதனை அடியில் கிடந்தது. அது இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதற்கும் கீழே, கடைசி வரிசையில், அவன் கேட்ட விடுப்பு இருந்தது, எங்கள் அலுவலகத்தில் விடுப்பும் அந்த ஃபைலில்தான் ஏறும். மகளுக்குக் கடல் காட்ட ஒரே ஒரு நாள். நான்தான் டைப் செய்தேன். மேனேஜர் பார்க்கும்போதெல்லாம் அது அன்றைய தேதியில் இருக்கும், "இன்னைக்கு வேணும்னு இன்னைக்கே கேட்டா எப்படி?" என்பார். என் மேக்ரோ அதையும் சேர்த்துத் தள்ளியது. முப்பத்து மூன்று நாள் அப்படியே போனது.

சம்பவத்தன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேற்படி கட்டடத்திலிருந்து எட்டாவது மாடிக் கதவு மூடவில்லை என்று போன் வந்தது. தம்பியை அனுப்பியது நான். அவன் முறைப்படி மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறியிருக்கிறான், அணைத்த சுவிட்சைக் காவலாளி பார்த்திருக்கிறார். பிரேக் தேய்ந்திருந்ததால் கூண்டு நிற்கவில்லை. காலிக் கூண்டு கீழே விழாது, மறுபக்கத்து எடை இழுத்து மேலேதான் ஏறும் என்று முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஏறிய கூண்டின் கூரைக்கும் உச்சித் தளத்துக்கும் நடுவே அவன் உயரத்துக்கு இடம் போதவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் காவலாளி போன் செய்தார். நான் ஃபைலை மூடிவிட்டு ஓடினேன். எழுந்தால் மூடிவிட்டு எழுவது என் பழக்கம். அதன் பிறகு மருத்துவமனையில் அவன் செருப்பை மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

பிரேக் சோதனைக்கு உரிய தேதி சம்பவத்துக்கு மறுநாள்தான் என்றும், ஆகவே தங்கள் பக்கம் தாமதம் இல்லை, மெக்கானிக் தன் கவனக்குறைவால் இறந்தார் என்றும் நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தேதி, அவன் இறந்த செய்தி கேட்டு நான் ஃபைலை மூடியபோது விழுந்தது. கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார்த்தால் தெரியும். உண்மையான தேதி சம்பவத்துக்கு நாற்பத்தேழு நாள் முன்பு. திங்கட்கிழமைதோறும் நான் எடுத்து வைத்த ஏழு நகல்கள் இந்தப் பென்டிரைவில் இருக்கின்றன. ஏழிலும் அதே வரிசை, வேறு வேறு தேதி, டிக் இல்லை. திறக்கும்போது மேக்ரோவை ஓடவிடலாமா என்று கேட்டு மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும், அதில் அனுமதி கொடுக்க வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். கொடுத்தால் மூடும்போது இவையும் மாறிவிடும்.

தம்பி மகளுக்கு ஆறு வயது. நேற்று என் மடியில் உட்கார்ந்து, "அத்தை, நாளைக்குக் கடலுக்குப் போலாம்னு அப்பா சொன்னாரே, அந்த நாளைக்கு எப்போ வரும்?" என்று கேட்டாள்.

தவறு என்னுடையது. என் தம்பி கவனக்குறைவானவன் அல்ல என்பதைத் தெளிவாகப் பதிவு செய்யும்படி கேட்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கீழே இன்றைய தேதியை டைப் செய்ய வேண்டாம் என்று சொல்லி என் கையால் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.