கால் சுற்று

சோள ரொட்டிக்காகத்தான் பதினாறு வருஷம் வெர்னனின் ரேஸ் வண்டிக்கு டர்போ பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ரோண்டா, உன் அம்மாவின் கைப்பக்குவம் அப்படி.

அவள் அலமாரியில் கிடைத்த, ஓடிய நேரம் அச்சிட்ட ஏழு ஓட்டச் சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, "கிளைட் மாமா, ஏழு வருஷமும் ஃபைனல்ல மட்டும் அப்பா வேகமாப் போயே தோத்திருக்காரு. அதுவும் ஒரே அளவுல. எப்படி?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. உன் அப்பன் வெர்னனுக்கு இது தோன்றவே இல்லை.

நம் ஊர்ப் பந்தய வழக்கம் உனக்குத் தெரியும். நேர் ரோட்டைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று முன்கண்ணாடியில் எழுத வேண்டும். எழுதியதைவிட வேகமாகப் போனால் தோல்வி. எஞ்சினுக்குள் டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்பது ஒரு வாயு பாட்டிலின் திருகில் இருக்கிறது. கால் சுற்று கூட்டினால் அழுத்தம் இரண்டு பவுண்டு ஏறும், வண்டி எழுதியதைவிட வேகமாகப் பாயும். வெர்னன் அழுத்த மீட்டரைப் பார்க்க மாட்டான். நான் வண்டிக் கூரையில் இரண்டு தட்டு தட்டினால் போதும், கிளம்பிவிடுவான்.

ஏழு வருஷத்துக்கு முன் உன் அம்மாவுக்கு நெஞ்சு கெட்டபோது, இந்தக் கென்டக்கி ஈரம் ஆகாது, அரிசோனா போங்கள் என்றார் டாக்டர். வெர்னனோ, "அக்டோபர் கோப்பையை ஒரு தடவை தூக்கிட்டு வண்டியை வித்துடறேன், ஓலீட்டா. வெறுங்கையோட போனா ஊரே சிரிக்கும்" என்றான். பிடிவாதம் அவனுடையது. அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

வண்டியை விற்றால் என் சனிக்கிழமை என்னாவது? ஒண்டிக்கட்டை நான். வருஷாவருஷம் ஃபைனல்வரை அவனை ஜெயிக்க வைத்ததும் நான்தான். அதை யாரும் சொல்வதில்லை. ஃபைனலில் மட்டும் கால் சுற்று கூட்டினேன். எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

தோற்றுவிட்டு வந்து வெர்னன் தொப்பியைத் தரையில் அடிப்பான். "என்னடா இது, பிசாசு மாதிரி பறக்குது?"

"குளிர் காத்துடா. குளிர்ல எஞ்சினுக்கும் பசி ஜாஸ்தி" என்பேன்.

மூன்று பேரும் சிரிப்போம். சிரித்தால் உன் அம்மாவுக்கு இருமல் வரும்.

போன அக்டோபரில் ஒரு கையில் அவளுடைய ஆக்சிஜன் பாட்டிலும் மறு கையில் என் டர்போ பாட்டிலுமாகப் பந்தயத் திடலில் இறங்கினேன். "கிளைட், இந்தத் தடவையாவது கொஞ்சம் பாத்து வையப்பா. இன்னொரு குளிர்காலம் எனக்குத் தாங்காது" என்றாள். பார்த்துத்தான் வைத்தேன். அதே கால் சுற்று.

பிப்ரவரியில் அடக்கம் செய்தோம். பெட்டியின் தலைமாட்டை நான்தான் சுமந்தேன். திரும்பி வரும்போது வெர்னன், "இனி அரிசோனாவுல எனக்கு என்னடா வேலை? வண்டி இருக்கட்டும்" என்றான். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அழாதே, ரோண்டா. வருகிற அக்டோபரில் திருகைத் தொடவே மாட்டேன். உன் அப்பா கோப்பையைத் தூக்கட்டும். அவன் ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவன் யார்?