எப்போதும் ஓர் எண் முன்னால்

மணி பதினொன்று நாற்பது. கிடங்குகள் வரிசையாக நிற்கும் ஒரு சாலை. மூன்று விளக்குக் கம்பத்துக்கு ஒன்றில்தான் வெளிச்சம். அதில் தனியாக ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது… ஓட்டியது ஒரு பெண்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். போனை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். இது என் சிநேகிதனின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவன் அக்கா என்பான், நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். என் சிநேகிதன் அளந்து விடுகிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது அவன் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஆப் செய்கிற வேலை. நாலு பேர் கொண்ட சின்னக் கம்பெனி. அவர்கள் செய்த ஆப்பை வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருக்கும் நோயாளிகளின் குடும்பங்கள் வைத்திருந்தன. விரலில் மாட்டிய கிளிப் ஐந்து நொடிக்கு ஒரு முறை ஆக்ஸிஜன் அளவைப் போனுக்கு அனுப்பும். தொண்ணூறுக்குக் கீழே போனால் அலாரம். செத்தவனும் எழுந்து உட்காருகிற மாதிரி அலறும். ஆயிரத்து நூறு வீடுகள். அதில் ஒரு வீடு அக்காவுடையது. அவள் அம்மா இரண்டு வருடமாக அந்த மெஷின் தயவில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அம்மாவின் மெஷின் நின்றுவிட்டது. பிளக் லூஸ். அளவு எண்பத்து நாலுக்கு இறங்கியது. அப்பாவின் போன் அடிக்கவில்லை. அவர் தற்செயலாக அறைக்குள் போனதால் அம்மா பிழைத்தாள்.

அக்கா பதறிப் போய்ப் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். முந்தின வாரம் அந்தப் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிய போன்களில், திரை அணைந்திருந்தால், பழைய மென்பொருள் கருவிகளால் கட்டிய ஆப்பின் அலாரத்தைப் போன் அடிக்க விடுவதில்லை. புதிய கருவியில் திரும்பக் கட்டி ஆப் ஸ்டோருக்கு அனுப்பினால் சரியாகிவிடும். அதற்கான மாற்றத்தை வீட்டிலேயே உட்கார்ந்து இரவு பத்து மணிக்குள் எழுதியும் முடித்துவிட்டாள். ஆனால் ஆப்பை அனுப்ப ஒரு சாவி வேண்டும். இரும்புச் சாவி இல்லை, ஒரு ஃபைல். அதைக் கொண்டு ஆப்பில் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டோர் ஏற்றுக்கொள்ளும். அந்தச் சாவி உலகத்திலேயே ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆபீஸில்… பூட்டு சாரின் கம்ப்யூட்டரில்.

பூட்டு என்பது பட்டப்பெயர். கருவிகளின் வெர்ஷன் எதையும் மாற்ற விடமாட்டார், எல்லாவற்றையும் ஓர் எண்ணில் பூட்டி வைத்துவிடுவார், அதனால் பூட்டு. அந்தத் தொழிலில் அது ஒரு பெரிய தலைவலி. ஒரு கருவியைப் புதிதாக்கினால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும், அதைச் சமாதானம் செய்தால் மூன்றாவது மூட்டை கட்டும், நாத்தனார்கள் கூடிய வீடு மாதிரி. யாராவது ஓர் எண்ணை மாற்றினால் பூட்டு சார் பின்னாலேயே வந்து பழைய எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். சாவியையும் யாருக்கும் பிரதி எடுத்துத் தரவில்லை. “நான்தான் இருக்கேன்ல” என்பார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பெருக்க வந்த அம்மாள் அவரை நாற்காலியிலேயே பார்த்தாள். தலை தொங்கியிருந்தது. கை விசைப்பலகை மேல் இருந்தது. அதற்குப் பிறகும் யாரும் அந்தச் சாவியை நகல் எடுக்கவில்லை. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் ஆட்களின் வழக்கம்தானே.

அக்கா கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னாள். “அப்பா, ரெண்டு மூணு மணி நேரம்தான். தூங்கிடாதீங்க. அம்மா பக்கத்துலயே உக்காருங்க. நான் கூப்பிட்டு ‘சரியாயிடுச்சு’ன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க.”

“நீ போயிட்டு வாம்மா. நான் எங்க தூங்கப் போறேன்.”

நீயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மிச்சமுள்ள ஆயிரத்துச் சொச்சம் வீடுகளை நினைத்துப் போனாள். ஆனால் அதே கேள்வியை அவள் இன்றுவரை தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆபீஸ் இரண்டாவது மாடி. விளக்கைப் போட்டாள். குழல் விளக்கு இரண்டு தடவை துடித்துவிட்டு எரிந்தது. பூட்டு சாரின் அறைக் கதவைத் திறந்ததும்… கிராம்பு வாசனை. அவருக்குப் பல்வலி, எப்போதும் வாயில் கிராம்பு அடக்கிக்கொண்டிருப்பார். எட்டு மாதம் சாத்திக் கிடந்த அறையில் வாசனை தங்கியிருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி கரகரவென்று சுற்றியது. தூசி கருகும் நாற்றம்.

முதல் வேலை, வெர்ஷன் ஃபைல். கட்டும் கருவியின் எண் ஏழு என்று இருந்தது. எட்டாக்கினாள். அதோடு ஒத்துப்போகும் மற்ற இரண்டையும் தேடிப் பிடித்து மாற்றினாள். கட்டச் சொன்னாள். ஆறு நிமிடம் ஓடி… சிவப்பு எழுத்து. தோல்வி. ஃபைலைத் திறந்தால் ஏழு என்றே இருந்தது.

சேமிக்க மறந்திருப்பேன் என்று நினைத்தாள். திரும்ப எட்டு. சேமித்தாள். இன்னொரு ஆறு நிமிடம். சிவப்பு. திறந்து பார்த்தாள்… ஏழு.

மூன்றாவது தடவை எட்டைப் போட்டுச் சேமித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். விசிறிச் சத்தம் மட்டும். ஒரு நிமிடம் போயிருக்கும். எட்டுக்குப் பக்கத்தில் கோடு ஒன்று மினுக்கியது. எட்டு அழிந்தது. ஏழு வந்தது. அவள் கைக்கு முன்னால், விசைப்பலகையில், ஒரே ஒரு ‘டொக்’.

அக்கா எழுந்து ஓடியிருப்பாள்… அம்மா நினைவு வந்தது. உட்கார்ந்தாள். நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்களா? நான் சத்தியமாக மாட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டாள். மணி ஒன்றே கால். “முழிச்சுதான் இருக்கேன்மா. தொண்ணூத்தி நாலு காட்டுது” என்றார். அவர் குரலுக்குப் பின்னால் மெஷினின் ‘ம்ம்ம்…’ ஓசை கேட்டது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பூட்டு சாரின் வித்தையையே கையில் எடுத்தாள். எட்டைப் போட்டு, யாரும் திருத்த முடியாதபடி அந்த ஃபைலையே பூட்டினாள். கட்டினாள். இந்தத் தடவை பச்சை எழுத்து. வெற்றி. சாவியால் கையெழுத்தும் விழுந்தது. அழுதேவிட்டாளாம்.

இனி அனுப்ப வேண்டியதுதான். முதலில் அப்பாவின் போனுக்கும் தன் போனுக்கும் மட்டும், சோதனைக்கு. அது சில நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். சரியாக இருந்தால் காலையில் எல்லா வீட்டுக்கும்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டோருக்குப் போகும் ஒவ்வொரு ஆப்புக்கும் வரிசை எண் உண்டு. முன்பு போனதைவிடப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். ஏறத்தான் முடியும், இறங்க முடியாது. கடைசியாகப் போனது நானூற்றுப் பதினொன்று. அக்கா நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டு அனுப்பினாள்.

‘இந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது.’

பதிமூன்று போட்டாள். பயன்படுத்தப்பட்டது. பதினாலு. பயன்படுத்தப்பட்டது. பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூன்றும் வரிசையாக இருந்தன. அவள் அனுப்புவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால் ஒவ்வொன்றும் ஏறியிருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் பூட்டு சாரின் கணக்கு.

மேனேஜரை எழுப்பினாள். “சார், யாராவது இப்ப அப்லோட் பண்றீங்களா?”

“இந்நேரத்துலயா? நான் தூங்கிட்டிருக்கேன்மா.”

“பூட்டு சார் அக்கவுண்ட்லேர்ந்து போகுது சார்.”

“அதை அவர் போன அன்னிக்கே மூடிட்டேனே… நீ கிளம்பி வீட்டுக்குப் போம்மா. காலைல பாத்துக்கலாம்.”

போயிருக்க வேண்டும். போகவில்லை. ஐந்நூறு போட்டாள், இருந்தது. ஆயிரம் போட்டாள், இருந்தது. கண்ணை மூடி மனத்தில் ஏதோ ஓர் எண்ணை நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் அடிக்கவில்லை. பட்டியலைப் புதுப்பித்தாள்… அந்த எண் அங்கே முதலில் இருந்தது. கிராம்பு வாசனை இப்போது அறையில் இல்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அழுகை, ஆத்திரம், தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்தன. இவன் எதுவரை போவான் பார்த்துவிடுகிறேன் என்று, ஸ்டோர் அனுமதிக்கும் எண்களிலேயே கடைசி எண்ணை, இருநூற்றுப் பத்து கோடியை, யோசிக்காமல் அடித்து அனுப்பினாள்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. அறை கப்சிப் என்று ஆனது. விசிறிகூட ஓய்ந்துவிட்டது போலிருந்தது. சில நிமிடத்தில் அவள் போனுக்கும் அந்தப் புது ஆப் வந்து இறங்கியது. சோதனை அலாரத்துக்கு ஒரு நிமிடம் குறித்து, திரையை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்… சத்தம் இல்லை.

பூட்டிய ஃபைலை அவசரமாகத் திறந்தாள். ஏழு. கூட மாற்றிய இரண்டும் பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தன. பச்சையில் வெற்றி என்று வந்ததே, அது கட்டியதே ஏழில்தான். அதைத்தான் அவள் தன் கையாலேயே அனுப்பியிருந்தாள். சரி, திரும்பக் கட்டலாம் என்று எண்ணைப் போடப் போனவள் அப்படியே நின்றாள். போட எண் இல்லை. இருநூற்றுப் பத்து கோடிக்கு மேலே ஸ்டோரில் எண்ணே கிடையாது. அந்த ஆப்பை இனி அவளால், மேனேஜரால், யாராலும், என்றைக்கும் மாற்ற முடியாது.

அப்பாவைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தபோது அவர் குரல் தூக்கத்தில் குழறியது.

“என்னம்மா?”

“அப்பா… தூங்குனீங்களா?”

“நீதானேம்மா படுக்கச் சொன்னே. உன் ஆபீஸ் நம்பர்லேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டாரே. ‘சரியாயிடுச்சு, உங்க பொண்ணு சொல்லச் சொன்னா, நீங்க போய்ப் படுங்க’ன்னார். நல்ல மரியாதையா பேசினார். அதான் ஹால்ல வந்து படுத்தேன்.”

மேஜை ஓரத்தில் ஆபீஸ் போன் இருந்தது. அவள் வந்ததிலிருந்து அதைத் தொடவில்லை. ரிசீவர் கீழே கிடந்தது… விரல் வைத்துப் பார்த்தாள். யாரோ நெடுநேரம் பிடித்துப் பேசின சூடு அதில் இருந்தது.

“அப்பா, அம்மா ரூமுக்குப் போங்க. ஓடுங்கப்பா!”

செருப்பு தேய்கிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். அதன் பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது… அப்பாவின் குரலுக்குப் பின்னால் அந்த ‘ம்ம்ம்’ கேட்கவே இல்லை.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மெஷின் நின்றது மூன்று பத்துக்கு என்று அதில் பதிவாகியிருந்தது. பிளக் சரியாகத்தான் இருந்தது, கரண்டும் இருந்தது. ஏன் நின்றது என்று கம்பெனிக்காரன் வந்து பிரித்துப் பார்த்தும் சொல்லத் தெரியவில்லை. அப்பா அதற்குப் பிறகு யார் போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. வேறு பெயரில் புது ஆப் செய்து எல்லா வீடுகளையும் அதற்கு மாற்றிவிட்டார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. விரல் கிளிப் பேட்டரி இல்லாமல் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பழைய ஆப்பை மட்டும் அக்கா தன் போனிலிருந்து எடுக்கவில்லை. என் சிநேகிதனிடம் ஒரு நாள் காட்டினாளாம்.

அதில் அம்மா பெயருக்கு நேரே எண் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்று நாலு… தொண்ணூற்று மூன்று… தொண்ணூற்று நாலு. ஐந்து நொடிக்கு ஒரு தடவை. பகலெல்லாம் அப்படித்தான். இரவு மூன்று பத்து ஆனதும் இறங்க ஆரம்பிக்குமாம். எண்பத்தெட்டு… எண்பது… எழுபத்தொன்று… தினமும். அக்கா எழுந்து உட்கார்ந்து, போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அது கீழே கீழே போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

அலாரம் மட்டும் அடிப்பதே இல்லை.