இரண்டு பக்கமும் கைதட்டல்

அம்மா: மெதுவாப் பேசுங்க. குழாய்ச் சத்தம் நின்னுடுச்சுன்னா நாம பேசுறதெல்லாம் குளியலறைக்குள்ள கேட்கும்.

அப்பா: மெதுவாத்தானே பேசுறேன்.

அம்மா: இதுவா மெதுவா? பஸ்ஸுல கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். இந்த டிரைவருக்கு ஹாரன் எதுக்குன்னு உங்க டிப்போவுலேயே கேலி பண்றாங்களாம்.

அப்பா: சரி, சரி... காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?

அம்மா: யாருக்கு?

அப்பா: பாப்பாவுக்குத்தான். பல் டாக்டர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. நாளைக்கு அடுத்த மேட்சுல பாப்பாவே கோல் கீப்பரா நிக்கிறாளா, இல்ல வேற பிள்ளையை நிறுத்தட்டுமான்னு இப்பவே சொல்லணுமாம்.

அம்மா: ஊர்ப் பல்லைப் பிடுங்குற மனுஷன் எதுக்கு கோச்சா வந்தாரோ, நம்ம உயிரையும் சேர்த்துப் பிடுங்குறாரு. அதுக்காகக் காய்ச்சலா? உள்ளே பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிக்கிறா, காது கேட்குதா உங்களுக்கு?

அப்பா: பாட்டு வெளியிலதான். மனசுக்குள்ள என்ன இருக்கோ...

அம்மா: மனசை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பக்கெட்டை இப்படித் தள்ளுங்க. கிளவுஸுல எவ்வளவு சேறு, பாருங்க.

அப்பா: எப்படிச் சேறு வந்துச்சு? ஒரு பந்தையும் பிடிக்கலையே அவ.

அம்மா: பாதி நேரம் கோல் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே. அந்தக் கம்பத்துச் சேறா இருக்கும்.

அப்பா: சிரிக்காதே. இன்னிக்கு ஒரே மேட்சுல பதினோரு கோல்...

அம்மா: எண்ணக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொன்னவரு நீங்கதானே?

அப்பா: நான் எண்ணலை. அதுவா எண்ணிக்கிச்சு.

அம்மா: இதைத்தான் நான் அன்னிக்குப் பெற்றோர் கூட்டத்துலேயே சொன்னேன்.

அப்பா: நீ எங்கே சொன்னே? என் காலைத்தானே மிதிச்சே.

அம்மா: மிதிச்சா என்ன அர்த்தம்? உட்காருங்கன்னு அர்த்தம். நீங்க எந்திரிச்சு நின்னு, எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு எதுக்குக் கோப்பை, எதுக்கு ஸ்கோர் போர்டு, எல்லார் கழுத்துலயும் ஒரே மாதிரி மெடலை மாட்டி அனுப்புங்கன்னு ஒரு பிரசங்கம் பண்ணீங்க.

அப்பா: நியாயத்தைத்தானே சொன்னேன்.

அம்மா: அங்கே இருந்த பேக்கரிக்காரர் என்ன சொன்னாரு? அப்போ பந்து எதுக்குங்க, ஆளுக்கு ஒரு பலூன் குடுத்து அனுப்பிடலாமேன்னாரு. கூட்டமே சிரிச்சுது. நான் தலையைக் குனிஞ்சவதான்...

அப்பா: நீயும் சிரிச்சே. தோள் குலுங்கினதை நான் பார்த்தேன்.

அம்மா: பலூன்னு சொன்னா சிரிப்பு வராதா? சரி, கோப்பை உண்டுன்னு முடிவாயிடுச்சு. பேசாம விட்டீங்களா? டிப்போக் குடும்பங்களை எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போய் ஒரு திட்டம் போட்டீங்க.

அப்பா: திட்டத்துல என்ன தப்பு? எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி கைதட்டணும். யாரு ஜெயிக்கிறாங்க, யாரு தோக்குறாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாம ஆட்டம் முடிஞ்சு போயிடும்.

அம்மா: கைதட்டுனதோட நிறுத்துனீங்களா? தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடுனீங்க. எதிர் டீம் ஆளு ஒருத்தர் வந்து, நீங்க எங்க பக்கம்தானே சார், பிஸ்கட் எடுத்துக்குங்கன்னு டப்பாவை நீட்டினாரு.

அப்பா: நீயும் ரெண்டு எடுத்துக்கிட்டே.

அம்மா: கை நீட்டிக் குடுக்கிறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா...

அப்பா: இங்கே பாரு, விளையாட்டுக்குச் சொல்லலை. முதல் கோல் விழுந்ததும் பாப்பா நேரா என் முகத்தைத்தான் பார்த்தா. அவ முகம் சுண்டிப் போயிருந்துச்சு. நான் வேற என்ன பண்ணட்டும்? போன வருஷம் தோத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாளே, மறந்துட்டியா?

அம்மா: படுத்தா. பசி எடுத்ததும் வெளியே வந்து தட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தா. நீங்கதான் அந்த வாரம் பூரா இஞ்சி தின்ன மாதிரி முகத்தை வச்சிருந்தீங்க.

அப்பா: எனக்கு அவ அழுதா தாங்காது. நான் தினமும் ரோட்டுல பார்க்கிறது என்ன? ஒருத்தனை ஒருத்தன் முந்துறதுதான். ஸ்கூட்டர் முந்துது, வேன் முந்துது, ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு ஒருத்தன் முந்துறான். எட்டு வயசுலேயே இதை ஆரம்பிக்கணுமா?

அம்மா: அவ முந்தணும்னு நான் சொல்லலைங்க. தோத்தா தோத்துட்டோம்னு சொல்லுங்க. அழட்டும், மூக்கைச் சிந்திட்டுச் சாப்பிட வரட்டும். ஜெயிச்சா ஜெயிச்சோம்னு சொல்லுங்க, குதிக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே கைதட்டல்னா அந்தக் கைதட்டலுக்கு என்ன மரியாதை? நான் யூனிஃபார்ம் தைக்கிறேன். கோணலாத் தைச்சதையும் நேராத் தைச்சதையும் நீங்க ஒரே மாதிரி ஆகா ஓகோன்னா, எனக்குத் தையல் வருமா?

அப்பா: நீ போன வாரம் தைச்ச என் சட்டைப் பை...

அம்மா: அதைப் பத்தி இப்போ பேச வேண்டாம்.

அப்பா: டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன்.

அம்மா: என்ன?

அப்பா: பாப்பா கண்ணை ஒருதரம் காட்டிடுங்கன்னாரு. கடைசியில வந்த பந்தெல்லாம் வேகமே இல்லையாம். உருண்டு உருண்டு வந்துச்சாம். இவ பிடிக்காம, பஸ்ஸுல இறங்குற ஆளுக்கு வழி விடுற மாதிரி ஒதுங்கி நின்னாளாம்.

அம்மா: கண்ணா? மாடியில காயுற துணியில பட்டன் இல்லாத சட்டை எதுன்னு கீழே நின்னு சொல்றா. சந்துல நீங்க எவ்வளவு ஓங்கி உதைச்சாலும் ஒரு பந்தைக் கூட விட மாட்டேங்கிறா.

அப்பா: அதான் எனக்கும் புரியலை. கூட்டத்தைப் பார்த்துப் பயம் வந்திருக்கும். அதனாலதான் சொல்றேன், காய்ச்சல்னு சொல்லி இதோட நிறுத்திடுவோம். பந்தும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம்...

அம்மா: நிறுத்துறதை அவகிட்ட கேட்டீங்களா?

அப்பா: கேட்டா என்ன சொல்வா? எனக்காக ஆடுறேன்னு சொல்வா. வேண்டாம்... ஷ். குழாய் நின்னுடுச்சு.

அம்மா: முகத்தை மாத்துங்க. இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்காதீங்க.

பாப்பா: அம்மா, துண்டு எங்கே? ...கிளவுஸ் நாளைக்குள்ள காஞ்சிடுமா?

அம்மா: காஞ்சிடும். தலையைத் துவட்டு முதல்ல. தண்ணி சொட்டுது பாரு.

அப்பா: பாப்பா... இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுல்ல? ஜெயிச்சது தோத்தது ஒண்ணும் கிடையாது. யாரு எத்தனை கோல்னு யாருமே கணக்கு வச்சுக்கலை...

பாப்பா: பதினொண்ணு, ஒண்ணு.

அப்பா: யாரு சொன்னது உனக்கு?

பாப்பா: யாரும் சொல்லலை. பந்தை வலைக்குள்ள இருந்து நான்தானேப்பா எடுத்துக் குடுத்தேன்.

அம்மா: கேட்டுக்குங்க. திட்டம் போட்டீங்களே, கோல் கீப்பரை மறந்துட்டுப் போட்டீங்க.

அப்பா: நீ சும்மா இரு... பாப்பா, உனக்கு அழுகை வரலையா?

பாப்பா: இல்லையே. எதுக்கு?

அப்பா: கஷ்டமா இருந்தா சொல்லும்மா. நாளைக்குப் போகவே வேண்டாம். டாக்டர்கிட்ட அப்பா பேசிக்கிறேன்.

பாப்பா: ஐயோ, போகணும்பா. நீங்களும் வரணும். இன்னிக்கு உட்கார்ந்த அதே இடத்துல உட்காருங்க, எனக்கு அங்கேதான் நல்லாத் தெரியும்.

அம்மா: என்னடி தெரியும்?

பாப்பா: அப்பா ஆடுறது.

அப்பா: நானா?

பாப்பா: ஆமா. போன வருஷம் தோத்துட்டு வந்தப்போ வழி பூரா நீங்க பேசவே இல்ல. அதனாலதான் கட்டிலுக்கு அடியில போனேன். இன்னிக்கு முதல் கோல் போனதும், போச்சு, இன்னிக்கும் அப்பா பேச மாட்டாருன்னு நினைச்சுக்கிட்டே திரும்பினேன்... நீங்க தொப்பியைத் தூக்கிப் போட்டுட்டு இடுப்பை ஆட்டுறீங்க.

அம்மா: எல்லாரும்தான் பார்த்தாங்க அந்த இடுப்பை.

பாப்பா: ரெண்டாவதுக்கும் ஆடுனீங்க. அப்புறம் எங்க டீம் ஒண்ணு போட்டதுல்ல, அதுக்குக் கூட அவ்வளவு ஆடலை.

அப்பா: அது... அதுக்குள்ள கொஞ்சம் மூச்சு வாங்கிடுச்சு. அப்புறம் ஒன்பது கோல் விழுந்துச்சேம்மா...

பாப்பா: அதெல்லாம்...

அம்மா: அதெல்லாம்? ஏய், என்னைப் பாரு. அதெல்லாம் என்ன?

பாப்பா: அதெல்லாம் விழலைம்மா. நான்தான் விட்டேன்.

அப்பா: தெரிஞ்சேவா?

பாப்பா: நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லப்பா. அம்மாவும் சிரிச்சா, பிஸ்கட்டெல்லாம் சாப்பிட்டா. ரெண்டு பேரும் சண்டையே போடலை. பிடிச்சுட்டா நீங்க உட்கார்ந்துடுவீங்க. அதான்...

அம்மா: ஏங்க... இங்கே பாருங்க... என்னால முடியலை. வயிறு வலிக்குது எனக்கு.

அப்பா: சிரிக்கிறியா நீ? அடி பாப்பா, நான் சந்தோஷத்துலயா ஆடினேன்? உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டே ஆடினேன்டி. நீ மனசு உடைஞ்சு போயிடக் கூடாதுன்னு ஒவ்வொரு கோலுக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு... எனக்கு முட்டி வலி வேற.

பாப்பா: பொய்யாவா ஆடுனீங்க?

அம்மா: பொய்யாத்தான். உங்க அப்பா மட்டும் இல்ல, டிப்போவே பொய்யாத்தான் கைதட்டுச்சு. நானும்தான்.

பாப்பா: கடைசிப் பந்துக்கு எவ்வளவு நேரம் நான் சும்மா நின்னேன் தெரியுமா? அது வரவே மாட்டேன்னு நின்னுச்சு. நான் மெதுவாக் கால்ல தள்ளி உள்ளே விட்டேன்.

அம்மா: நல்ல அப்பா, நல்ல பொண்ணு. போன் அடிக்குது பாருங்க. பல் டாக்டராத்தான் இருக்கும். எடுத்துப் பேசுங்க.

அப்பா: எடுத்து என்ன சொல்ல? காய்ச்சல்னு சொல்ல முடியாது, நடந்ததைச் சொன்னா சிரிப்பாங்க... பாப்பா, நீயே சொல்லு. நாளைக்கு நிக்கிறியா? நின்னா, வர்ற பந்தை எல்லாம் பிடிப்பியா?

பாப்பா: அம்மா, நீ அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு... பிடிச்சாலும் அதே மாதிரி ஆடுவாரான்னு.