பார்த்தாச்சு

நூலகர்: உட்காருங்க சிஸ்டர். நீங்க நடக்கற நடையில இந்த வராந்தாவே தேயுது.

நர்ஸ்: பத்து நிமிஷம்னு தானே சொன்னாங்க? நாப்பது நிமிஷம் ஆச்சு சார். அப்படி என்னதான் கேட்பாங்க அவங்ககிட்ட?

நூலகர்: கேள்வி கேட்க விட்டிருந்தா தானே? அந்தக் குட்டிப் பொண்ணு வாலுவோட அம்மா வாயைத் திறந்தா முன்னுரையே நாப்பது நிமிஷம்.

நர்ஸ்: உங்களுக்கு விளையாட்டா இருக்கு. எனக்கு உட்கார முடியலை. உள்ள நகராட்சிக் குழு 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, வர்ற செவ்வாய்க்கிழமை நம்ம மேசைக் கூட்டம் கிடையாது.

நூலகர்: எனக்கு நல்லதுதான். லைப்ரரி பின்ரூம் எனக்கே திரும்பக் கிடைக்கும். பசங்க பழையபடி டேபிள் டென்னிஸ் ஆடுவாங்க. பிஸ்கட் தூளைப் பெருக்கற வேலை மிச்சம்.

நர்ஸ்: ஆமாமா. போன வாரம் டீச்சர் அஞ்சு நிமிஷம் லேட்டானதும் போன் மேல போன் போட்டது யாராம்?

நூலகர்: அது... நாற்காலி சும்மா கிடக்குதேன்னு...

நர்ஸ்: சும்மா கிடக்குதேன்னு!

நூலகர்: சரி விடுங்க. எனக்கும் பயம்தான். போதுமா? கிளினிக், ஸ்கூல், குடும்ப நல ஆபீஸ், வீட்டு வசதி ஆபீஸ்... நாலு பேரை ஒரு மேசையில உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நர்ஸ்: என்ன பாடு? பொய் லெட்டர் போட்டீங்க. 'தாங்கள் எடுத்துச் சென்ற நூலை இதுவரை திருப்பித் தரவில்லை, செவ்வாய் மாலை நேரில் வரவும்'னு. நான் அதுவரைக்கும் உங்க லைப்ரரி வாசல்படியை மிதிச்சதே இல்லை!

நூலகர்: 'கூட்டம், வாங்க'ன்னு எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?

நர்ஸ்: ...மாட்டேன்.

நூலகர்: டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமில்ல? நெஜமாவே ஒரு புத்தகத்தோட வந்து நின்னாங்க. எட்டு வருஷமா வெச்சிருந்தாங்களாம். கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு, பாவம்.

நர்ஸ்: சிரிக்க வைக்காதீங்க சார். உள்ள கேட்கப் போகுது.

நூலகர்: அது என்ன கையில? காலையில இருந்து அந்தக் கவரைக் கசக்கிக்கிட்டே இருக்கீங்க.

நர்ஸ்: இதுவா... லீவு லெட்டர்.

நூலகர்: லீவு லெட்டருக்கு ஒட்டின கவரா?

நர்ஸ்: எங்க கிளினிக்ல அப்படித்தான்.

நூலகர்: பொய் எனக்கு வர்ற மாதிரி உங்களுக்கு வராது சிஸ்டர். விட்டுடுங்க.

நர்ஸ்: சார், ஒண்ணு கேட்கணும். எங்க கிளினிக்ல ஆறு நர்ஸ் இருக்கோம். அந்த லெட்டர் எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?

நூலகர்: நானா முடிவு பண்ணேன்? வாலு அம்மா சொன்னாங்க. 'கிளினிக்ல இருந்து இந்த சிஸ்டர்தான் வரணும், வேற யாரும் வேண்டாம்'னு.

நர்ஸ்: ஏன்னு சொன்னாங்களா?

நூலகர்: கேட்டேன். 'எழுதுங்க அண்ணே'ன்னாங்க. எழுதிட்டேன். ராசியான கைன்னு நினைச்சிருப்பாங்க. அன்னைக்கு அவங்க வந்த கோலம் இன்னும் கண்ணுலயே நிக்குது. லாண்டரி வேலையில இருந்து நேரா வந்திருந்தாங்க. ஜெராக்ஸ் எடுக்க நாலு தாள். ஈரக்கை பட்டு நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. காயட்டுமேன்னு டேபிள் டென்னிஸ் மேசையில வரிசையாப் பரப்பினேன். அப்பதான்...

நர்ஸ்: தெரியும் சார். நூறு தடவை சொல்லியாச்சு.

நூலகர்: நூத்தி ஒண்ணாவது தடவையும் கேளுங்க. கிளினிக் தாள்ல, 'குழந்தை கூப்பிட்டா திரும்பறதில்லைன்னு தாய் சொல்றாங்க. காது: பார்த்தாச்சு.' ஸ்கூல் தாள்ல, 'அடம், சொன்ன பேச்சு கேட்கறதில்லை. காது: பார்த்தாச்சு.' குடும்ப நல ஆபீஸ்ல, 'பார்த்தாச்சு.' வீட்டு வசதி ஆபீஸ்ல, 'குழந்தை ரொம்பக் கத்துதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் புகார். பார்த்தாச்சு.' யாருங்க பார்த்ததுன்னேன். அந்தம்மா முழிக்கறாங்க. ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் பார்த்தார். அவர் எழுதினதை அதுக்கு அடுத்தவர் பார்த்தார். எல்லாரும் தாளைப் பார்த்தாங்க சிஸ்டர். அந்தப் பொண்ணோட காதை மட்டும் பதினோரு மாசமா ஒருத்தரும்...

நர்ஸ்: போதும் சார்!

நூலகர்: என்னாச்சு? முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. தண்ணி கொண்டு வரட்டுமா?

நர்ஸ்: இருங்க... என்ன சத்தம் அது?

நூலகர்: எங்க?

நர்ஸ்: உள்ள. கை தட்டறாங்களா?

நூலகர்: குழுவாவது, கை தட்டறதாவது. வாலு நாற்காலியைக் கவுத்திருப்பா.

நர்ஸ்: இல்ல சார், கை தட்டற சத்தம்தான். நிக்கவே மாட்டேங்குது பாருங்க.

நூலகர்: அட, ஆமா... நின்னுடுச்சு. இப்ப ஒரே கசமுசா.

நர்ஸ்: கதவு திறக்குது. எழுந்திருங்க, எழுந்திருங்க!

நூலகர்: நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். வாங்கம்மா! என்ன ஆச்சு? வாலு எங்க?

அம்மா: குழுத் தலைவரம்மாவோட பேனாவைப் புடுங்கி வெச்சிருக்கா, தர மாட்டேங்கறா. அவங்களே கெஞ்சிக்கிட்டு இருக்காங்க.

நர்ஸ்: முடிவு என்னங்க? ஏன் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க?

அம்மா: என்னத்தைச் சொல்ல சிஸ்டர்... லைப்ரரி பின்ரூம்ல இனிமே அந்த மேசை இருக்கக் கூடாதாம்.

நூலகர்: கூடாதா?

நர்ஸ்: அய்யோ...

அம்மா: டேபிள் டென்னிஸ் மேசையாம். ஆடுதாம். நல்லதா, பெருசா, அசையாத மேசையா புதுசா போடச் சொல்லிட்டாங்க!

நூலகர்: அடப்பாவி... ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சும்மா!

நர்ஸ்: நெஜமாவா? ஜெயிச்சுட்டோமா?

அம்மா: இன்னும் கேளுங்க. நம்ம லைப்ரரி மட்டும் இல்ல. இந்த ஊர்ல இருக்கற ஆறு லைப்ரரியிலயும் செவ்வாய்க்கிழமை மேசை. ஒரு குடும்பம் தன் கதையை ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும். நாலு ஆபீஸும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கணும். கேட்டுட்டு யார் எதைச் செய்யறதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கணும். எழுத்துல போட்டுட்டாங்க!

நூலகர்: ஆறா! அஞ்சு நூலகருக்கு நான்தான் இனிமே பாடம் எடுக்கணும். முதல் பாடம்: பொய் லெட்டர் எழுதுவது எப்படி.

நர்ஸ்: எப்படிங்க சாதிச்சீங்க? அவங்க லேசுல மசியற ஆளுங்க இல்லையே.

அம்மா: முதல்ல மசியலை. 'ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஃபாரம் இருக்கு, ஃபைல் இருக்கு, எதுக்கும்மா தனியா ஒரு மேசை?'ன்னு ஒருத்தர் கேட்டார். நான் அந்த நாலு தாளையும் எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். சத்தமாப் படிங்கன்னேன். ஒவ்வொருத்தரா 'பார்த்தாச்சு... பார்த்தாச்சு'ன்னு படிக்கறாங்க. நாலாவது ஆள் பாதியிலயே தாளைக் கீழ வெச்சுட்டார்.

நூலகர்: சபாஷ்!

அம்மா: அதுக்கப்புறம் தலைவரம்மா பேச ஆரம்பிச்சாங்க. நீளமா... ரொம்ப நீளமா. நம்ம வாலு என்ன பண்ணா தெரியுமா? பொறுத்துப் பார்த்தா. நம்ம மேசையில பேசி வாங்கின காது கேட்கற மெஷினை டக்குனு ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சுட்டா.

நர்ஸ்: அங்கேயுமா? கடவுளே!

அம்மா: வீட்ல திட்டினாலும் அதேதான் சிஸ்டர். திட்ட வாயெடுத்தா ஆஃப். மிட்டாய் டப்பா திறந்தா ஆன்.

நூலகர்: எனக்கும் அப்படி ஒண்ணு வாங்கித் தாங்க. வீட்டுக்கு ஆகும்.

அம்மா: தலைவரம்மா அதைப் பார்த்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவங்க விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, 'இவளுக்கு எது கேட்கணும்னு இவளே முடிவு பண்றாளே, அதுக்கு மேல என்ன வேணும்'னாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு, நம்ம பக்கம்தான்னு.

நர்ஸ்: அப்பதான் கை தட்டினாங்களா?

அம்மா: இல்ல... அது வேற. அதை அப்புறம் சொல்றேன். இன்னொரு விஷயம் இருக்கு. இனிமே எந்த ஆபீஸ் ஃபாரத்துலயும் 'பார்த்தாச்சு'ன்னு எழுதக் கூடாதாம். அந்த இடத்துல மூணு கட்டம். யாரு, என்னைக்கு, என்ன செஞ்சாங்க. மூணையும் ரொப்பணும்.

நூலகர்: நம்ம மேசையில நாம போட்ட விதி! ஊருக்கே சட்டமாயிடுச்சு! இருங்க, டீச்சருக்குப் போன் போட்டுட்டு வந்துடறேன். அவங்க அழுதாலும் அழுவாங்க. காதைத் தள்ளி வெச்சுத்தான் பேசணும்.

அம்மா: போங்க அண்ணே, போங்க. ...என்ன சிஸ்டர்? ஏன் அழறீங்க? ஜெயிச்சுட்டோம்ங்க!

நர்ஸ்: ஜெயிச்சது நீங்க. நான்... இந்தக் கவரை உள்ள கொடுக்கலாம்னு வந்தேன். மூணு தடவை எழுதி மூணு தடவை கிழிச்சேன். இது நாலாவது. ஆனா அவங்களுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லணும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சொல்லணும்னு வருவேன். வாய் வராது.

அம்மா: இப்ப எதுக்கு சிஸ்டர் அதெல்லாம்...

நர்ஸ்: இல்லங்க, சொல்லிடறேன். அந்த முதல் 'பார்த்தாச்சு'... அதை எழுதினது நான்தான். அன்னைக்குக் காது பார்க்கற மெஷின் ரிப்பேர். வெளியில அறுபது பேர் நிக்கறாங்க. அடுத்த வாரம் கூப்பிட்டுப் பார்த்துடலாம்னு... 'நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்'ங்கற அர்த்தத்துல... பார்த்தாச்சுன்னு எழுதிட்டேன். அடுத்த வாரம் மறந்தே போச்சு. நான் எழுதின அந்த ஒரு வார்த்தையாலதான் உங்க பொண்ணு பதினோரு மாசம்... திட்டுங்க. என்ன வேணா சொல்லுங்க.

அம்மா: தெரியும்.

நர்ஸ்: என்ன?

அம்மா: தெரியும்னு சொன்னேன். வாலுவோட தடுப்பூசி அட்டையில 'ஊசி போட்டாச்சு'ன்னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருந்தீங்க. உங்க 'ச்சு'வுக்கு ஒரு வால் இருக்கு சிஸ்டர். பூனை வால் மாதிரி சுருட்டி விடுவீங்க. அண்ணன் மேசையில தாளைப் பரப்பினாரே, அதுல அதே 'ச்சு', அதே வால்.

நர்ஸ்: அப்போ... எனக்கு லெட்டர் போடச் சொன்னது...

அம்மா: திட்டறதுக்குத்தான். நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்கணும்னு மனப்பாடமே பண்ணிட்டு வந்தேன். நீங்க வந்தீங்க. அந்தத் தாளைப் பார்த்தீங்க. அவளைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, பின்னாடி இருந்து உங்க சாவிக்கொத்தை ஆட்டினீங்க. அவ திரும்பலை. மறுபடி ஆட்டினீங்க. அப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். மனப்பாடம் பண்ணினது எல்லாம் மறந்து போச்சு.

நர்ஸ்: ஒன்றரை வருஷமா தெரிஞ்சே... ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?

அம்மா: நீங்களும்தான் சொல்லலை.

நர்ஸ்: குழுவுல கேட்டிருப்பாங்களே. முதல்ல எழுதினது யாருன்னு?

அம்மா: கேட்காம இருப்பாங்களா? அதுதான் தலைவரம்மாவோட கடைசிக் கேள்வி. 'முதல் முதல்ல அந்த வார்த்தையை எழுதினவங்களை நீங்க பார்த்தீங்களாம்மா?'ன்னு.

நர்ஸ்: நீங்க... என்ன சொன்னீங்க?

அம்மா: 'பார்த்தாச்சு'ன்னேன். 'அந்த வார்த்தைதான் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோமே, மூணு கட்டத்தையும் ரொப்புங்க'ன்னு சிரிச்சாங்க. ரொப்பினேன் அக்கா. யாரு? வெளிய வராந்தாவுல நடந்துக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். என்னைக்கு? ஒன்றரை வருஷமா, ஒரு செவ்வாய்க்கிழமை விடாம. என்ன செஞ்சாங்க? என் பொண்ணுக்கு என் குரல் கேட்க வெச்சாங்க... அதுக்குத்தான் அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.