நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, ஊருக்கு வாயெல்லாம் வைத்தியம்

பஞ்சு மூட்டை தூக்கிக் காய்த்த தோள்களோடும், தறிச் சத்தத்தில் பாதி செவிடான காதுகளோடும் வந்தமர்ந்திருக்கும் அருப்புக்கோட்டைப் பெருமக்களே! தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் பஞ்சு வணிகர் ஐயா வெள்ளத்துரை அவர்களே! போதையில் சிக்கியவர்களுக்காக நாளை தம் மருத்துவமனையில் ஓர் அறையைத் திறக்கவிருக்கும் டாக்டர் எலிசபெத் அம்மையார் அவர்களே! திருச்சுழியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் பஸ்ஸில் நின்றபடியே வந்த பெரியோர்களே! 'இந்த மனுசன் எப்ப முடிப்பான்' என்று முகத்தாலேயே கேட்கும் முன்வரிசைத் தாய்மார்களே! தறித் தொழிலாளர் சங்கச் செயலாளர் ராஜகுருவின் வணக்கம்.

இன்று ஒரு கொலைகாரனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் உயிரைக் கொல்லப் பார்த்து, அதற்காகக் கைதட்டலும் வாங்கிக்கொண்டவன் அவன். யார் என்கிறீர்களா? பொறுங்கள், வருகிறான்.

என் தங்கை ராமலட்சுமியின் கணவர் சின்னத்துரையை அறியாதவர் உண்டா? பஞ்சு லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போகும் லாரி டிரைவர். எண்பத்தொன்பதில், முதுகு வலிக்கிறது என்றவருக்கு அந்த ஊரில் ஒருவன் ஒரு பொடியைக் கொடுத்தான். 'பிரவுன் சுகர்' என்று பெயராம்! பெயரிலே சர்க்கரை, பிழைப்பிலே மண்! ஆறே மாதத்தில், பொடி இருந்தால் மனிதர்; இல்லையென்றால் வாந்தி, பேதி, எலும்பை முறுக்கும் வலி. வேலை போயிற்று. தங்கை வீட்டில் சிரிப்பும் போயிற்று.

அப்போது நம் ஊர் சும்மா இருந்ததா? எப்படி இருக்கும்! இந்த நோய்க்கு மருத்துவர் இல்லாத ஊரிலே மருத்துவம் சொல்லாத வாயே இல்லை! தாயத்துக் கட்டினார் ஒருவர். வேப்பிலை அடித்தார் ஒருவர். "நாலு மிதி மிதிச்சா நாய்க்குட்டி மாதிரி ஆயிருவான்லே" என்றார் இன்னொருவர். அவர் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இவர்கள் எல்லாரையும் மிஞ்சிய மகா வைத்தியன் ஒருவன் வந்தான். போதை ஒழிப்பைப் பற்றி நாற்பது மேடைகளில் முழங்கியவன். சின்னத்துரையைப் பஞ்சுக் குடோனில் தள்ளிப் பன்னிரண்டு நாள் பூட்டினான். உள்ளேயிருந்து, "மச்சான், செத்துருவேன் மச்சான், கதவத் தெறங்க!" என்று அலறல். வெளியே இவன், "இதுதான் மன உறுதிப் பயிற்சி" என்று வெற்றிலை மென்றான். பதின்மூன்றாம் நாள், எலும்பும் தோலுமாக வந்தவரை மேடையேற்றி, மாலை போட்டு, 'போதையை வென்ற வீரன்' என்று ஒரு மணி நேரம் பேசினான். கைதட்டினீர்களே, நினைவிருக்கிறதா?

அந்தக் கொலைகாரன் நான்தான்.

மாலை போட்ட ஐந்தாம் நாள் சாயங்காலம், சின்னத்துரை பழைய அளவிலேயே பொடியை இழுத்தார். பன்னிரண்டு நாளில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருந்தது. அவருக்கும் தெரியாது, மகா வைத்தியனுக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் சரிந்தார். உதடு நீலம். ஒரு மூச்சுக்கும் மறுமூச்சுக்கும் நடுவே என் தங்கை முருகனைப் பத்து முறை கூப்பிட்டாள். ஓடி வந்து, காற்றுப்பையை முகத்தில் வைத்து அமுக்கி அமுக்கி, காரில் மதுரை போய்ச் சேரும்வரை மூச்சுக் கொடுத்தவர் இதோ இந்த எலிசபெத் அம்மையார்.

பிழைத்தார். மதுரை டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "பூட்டுறதுக்குப் பேரு வைத்தியமில்ல. இதுக்கு மருந்து இருக்கு" என்றார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் சின்ன மாத்திரை. முறுக்கும் வலி அடங்கும், பொடியைத் தேடும் வெறி தணியும், தலை தெளிவாக இருக்கும். ஆனால் டாக்டர் கண்ணெதிரே, தினமும் போட வேண்டும்.

தினமும் மதுரை! காரியாபட்டி வழியாகப் போய்வரவே பொழுது சாயும். பிறகு எந்தத் தறியில் வேலை, எந்த அடுப்பில் உலை? இரண்டு மாதம் கழித்து, என் தங்கை அம்மையாரின் வாசலில் போய் நின்றாள்.

"இங்கயே குடுங்க டாக்டரம்மா."

"எனக்கு அதுல பழக்கமில்லையேம்மா."

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல, பழக்கம் பாத்தா ஓடியாந்தீக?"

அடுத்த நான்கு சனிக்கிழமையும் அம்மையார் மதுரைக்குப் போய் அந்த டாக்டரிடமே கற்றுக்கொண்டு வந்தார். நாற்பது மேடை ஏறிய நாக்கு சாதிக்காததை, பள்ளிக்கூடம் பார்க்காத என் தங்கையின் ஒரு கேள்வி சாதித்தது!

என்ன சொல்கிறீர்கள், மூன்றாவது வரிசை அண்ணாச்சி? உரக்கச் சொல்லுங்கள். "அந்த மாத்திரையும் போதைதானே" என்றா? அருமையான கேள்வி! இரண்டு வருடமாகச் சின்னத்துரை அம்மையார் கண்ணெதிரே அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தறி ஓட்டுகிறார். இழை அறுந்தால் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறார். தறிக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள்! போதையில் கிடப்பவன் கண்ணுக்கு அறுந்த இழை தெரியுமா? "தெரியாது" என்கிறீர்களா? கேட்டீர்களா அண்ணாச்சி, தீர்ப்பு வந்துவிட்டது, உட்காருங்கள்!

மருந்து தொடர்வது மானக்கேடா? மகளின் பள்ளிக்கூடத்துக்கு நிமிர்ந்து நடந்துபோய்க் கையெழுத்துப் போடுவது மானக்கேடா? மருந்தே தொடாமல், மன உறுதியோடு, சுத்தமாக, சுடுகாட்டில் கிடப்பதுதான் உங்களுக்கு மரியாதையா? கேட்கிறேன், மாலை போட்ட இந்தக் கையே கூசக் கேட்கிறேன்!

நாளைக் காலை ஏழு மணிக்கு அம்மையார் அந்த அறையைத் திறக்கிறார். வாசலில் நான் நிற்பேன். மருந்துக்கு வருகிறவனிடம் பெயர் கேட்க மாட்டேன், ஊர் கேட்க மாட்டேன், யார் பிள்ளை என்று கேட்க மாட்டேன். அவனை வேடிக்கை பார்க்க வருகிறவனிடம் மூன்றையும் கேட்பேன். சாயங்காலமே இதே மேடையில் வாசிப்பேன்!

இத்தனை ஏச்சையும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. தாய்மார்களை முதலில் போக விடுங்கள். வீட்டில் எவனாவது கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், நாளை அவனையும் கூட்டி வாருங்கள். வணக்கம்.